க்ரூஸ் கப்பலில் தானாக ஏறும் டிப்ஸ்: கட்டுவதா, எடுக்கச் சொல்வதா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

ஸ்பிரிங் பிரேக் நெருங்குது. ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் இருக்கிற நம்ம ஆட்களில் நிறையப் பேர் கால்வெஸ்டன் துறைமுகத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இன்றைக்கு ஒரு நேயர் அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்.

"நாங்க நாலு பேர். ஏழு ராத்திரி கப்பல். டிக்கெட் போட்டாச்சு. இப்பதான் பார்க்கிறேன், ஐந்நூறு டாலருக்கு மேல கிராஜுவிட்டின்னு தனியா ஒரு தொகை. வாட்ஸ்அப் குரூப்ல கேட்டா, 'ஏறின முதல் நாளே கெஸ்ட் சர்வீசஸ் கவுண்டருக்குப் போங்க, எடுக்கச் சொல்லுங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க'ன்னு சொல்றாங்க. எடுக்கலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பெரிய கம்பெனிகளின் கப்பல்களில் எடுக்கச் சொல்லலாம், விதி அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் எடுக்காதீங்க என்பதுதான் என் கருத்து. காரணம் "பாவம், ஏழைங்க" என்கிற இரக்கம் மட்டும் இல்லை. அதே சமயம், இந்தத் தொகையைப் பார்த்துக் கோபப்படுகிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்தை எங்கே காட்டணும் என்பதில்தான் எனக்கு அவர்களோடு வேறுபாடு.

முதலில் அந்தச் சொல்லே நம்மைக் குழப்புகிறது. ஊரில் கிராஜுவிட்டி என்றால் பணிக்கொடை. 1972-ஆம் வருடச் சட்டம், அஞ்சு வருஷ சர்வீஸ், அப்பா ரிட்டயர் ஆனபோது கைக்கு வந்த தொகை. இங்கே அதே சொல்லுக்கு டிப்ஸ் என்று அர்த்தம். டிப்ஸ் என்றதும் நமக்கு வருகிற படம் என்ன? சாப்பிட்டு முடித்து, சோம்புத் தட்டில் மிச்சச் சில்லறையை விட்டுவிட்டு எழுந்திருப்பது. நம் மனசு நிறைந்தால் கொடுப்பது, நிறையாவிட்டால் கொடுக்காமல் வருவது. கப்பலில் ஏறுகிற தொகை அந்த ரகம் இல்லை. பெயர்தான் டிப்ஸ்.

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவிலிருந்து கிளம்புகிற பெரிய கப்பல்களில் சாதாரண அறைக்கு இப்போது தலைக்கு, ஒரு நாளைக்கு, கிட்டத்தட்ட 16-லிருந்து 20 டாலர். சூட் அறை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். நடுவில் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர், ஏழு நாள்: 504 டாலர். குழந்தைக்கும் உண்டு. இரண்டு மூன்று வயதுக்குக் கீழே சில கம்பெனிகள் விட்டுவிடும், சில விடாது. முன்கூட்டியே கட்டாவிட்டால் ஒவ்வொரு நாளும் உங்கள் அறைக் கணக்கில் ஏறிக்கொண்டே வரும். கடைசி நாள் ஆப்பைத் திறந்து பார்க்கும்போதுதான் பலருக்குத் தூக்கிவாரிப் போடும்.

இது எப்படி வந்தது என்றும் தெரிந்துகொள்ளணும். முன்பெல்லாம் உறை முறை. கடைசி ராத்திரி உங்கள் அறையில் சின்ன உறைகள் வைப்பார்கள். அறையைச் சுத்தம் செய்தவருக்கு ஒன்று, சாப்பாடு பரிமாறியவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று, தலைமைப் பணியாளருக்கு ஒன்று. பணத்தைப் போட்டு நேரில் கொடுப்பீர்கள். ஒவ்வொரு ராத்திரியும் ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர் என்பதால் அது நடந்தது. 2000-ல் நார்வீஜியன் கம்பெனி ஃப்ரீஸ்டைல் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எந்த உணவகத்திலும், எந்த நேரத்திலும், எந்த மேசையிலும் சாப்பிடலாம். மற்ற கம்பெனிகளும் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தன. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர் பரிமாறினால் உறையை யாரிடம் கொடுப்பது? அதனால்தான் எல்லாருக்கும் பொதுவாகத் தினக் கணக்கு என்று ஆனது. கூடவே இன்னொன்றும் நடந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆட்களும் அந்தப் பங்குக்குள் வந்தார்கள்: படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற சலவைக்கூடத்து ஆட்கள், தட்டு கழுவுகிறவர்கள், பஃபேயில் மேசை துடைக்கிறவர்கள். யாருக்கு எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இந்த ஆட்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? இங்கேதான் கப்பல் விஷயம் ஹூஸ்டன் உணவகத்திலிருந்து வேறுபடுகிறது.

டெக்சாஸில் டிப்ஸ் வாங்குகிற பணியாளருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-லிருந்து அதே தொகைதான், ஒரு சென்ட் ஏறவில்லை. கேவலமான தொகை. ஆனாலும் கீழே ஒரு வலை இருக்கிறது. டிப்ஸையும் சேர்த்து மணிக்கு 7.25 டாலர் வராவிட்டால் மிச்சத்தை முதலாளி போட்டு நிரப்பணும். அது சட்டம்.

கால்வெஸ்டனில் நீங்கள் ஏறுகிற கப்பலில் பெரும்பாலும் பஹாமாஸ் கொடியோ பனாமா கொடியோ பறக்கும். கம்பெனியின் தலைமை அலுவலகம் மயாமியில் இருக்கும், பயணிகளில் பெரும்பாலோர் அமெரிக்காவில் வசிப்பவர்கள், சாப்பாட்டுப் பொருள் ஏறுவது அமெரிக்கத் துறைமுகத்தில். ஆனால் வெளிநாட்டுக் கொடி உள்ள கப்பலில் வேலை செய்கிற கடலோடிகளுக்கு அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. சட்டமே அவர்களை விலக்கி வைத்திருக்கிறது. (ஒரு சின்னக் கிளைக்கதை: உங்கள் கப்பல் ஏன் கட்டாயம் கொசுமெல் மாதிரி ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடுகிறது தெரியுமா? 1886-ஆம் வருடச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடிக் கப்பல் பயணிகளை ஒரு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்கு ஏற்றிச்செல்லத் தடை போடுகிறது. கிளம்பின இடத்துக்கே திரும்பினாலும் நடுவில் வெளிநாடு ஒன்றைத் தொட்டாகணும்.)

அப்போ அவர்களுக்குக் காப்பு எது? கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டம். அதோடு 2006-ல் நிறைவேறி 2013-ல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அந்த உடன்படிக்கை அனுமதிக்கிற வேலை நேரத்தைக் கேளுங்க: ஒரு நாளில் அதிகபட்சம் 14 மணி நேரம், வாரத்தில் 72 மணி நேரம். இது விதிமீறல் இல்லை, விதியே அதுதான். ஒப்பந்தம் ஆறு மாதம், எட்டு மாதம், அதற்கும் மேல் என்று போகும். அத்தனை நாளும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று பல நாட்டுக்காரர்கள். கோவா, கேரளா, மும்பைப் பையன்களை நிறையப் பார்க்கலாம், நம்ம ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேட்டரிங் படிப்பு முடித்த பையன் "ஷிப்புக்குப் போறேன்" என்று சொன்னால், அதில் பலர் போய்ச் சேர்வது இந்த மாதிரிக் கப்பல்தான்.

இவர்களில் பலருடைய ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் சின்னது. அதற்கு மேலே இந்த டிப்ஸ் பங்கு. இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு இவ்வளவு வரும் என்று ஒரு உத்தரவாதத் தொகை பல ஒப்பந்தங்களில் உண்டு. அதாவது டிப்ஸ் என்பது சம்பளத்துக்கு மேல் கிடைக்கிற இனாம் இல்லை. சம்பளத்தின் பெரும் துண்டே அதுதான்.

இது அமெரிக்காவுக்குப் புதுசும் இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு புல்மேன் கம்பெனி, ரயில் பெட்டிகளில் படுக்கை விரிக்கவும் பயணிகளைக் கவனிக்கவும் கறுப்பினத்தவர்களை வேலைக்கு வைத்தது. அவர்களில் பலர் அப்போதுதான் அடிமை நிலையிலிருந்து விடுபட்டவர்கள். சம்பளம் குறைவு, மிச்சத்தைப் பயணி கொடுப்பார் என்பது ஏற்பாடு. 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். டிப்ஸை நம்பி நிற்காத, வாழப் போதுமான சம்பளம் வேணும் என்று போராடினார்கள். கம்பெனியோடு முதல் ஒப்பந்தம் கையெழுத்தாக 1937 ஆகிவிட்டது, பன்னிரண்டு வருடம். பயணத்தை விற்கிற கம்பெனி, வேலை செய்கிறவரின் கூலியைப் பயணியின் தலையில் வைக்கிற அந்த ஏற்பாடு ரயிலிலிருந்து இறங்கிக் கப்பலில் ஏறியிருக்கிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

சரி, இப்போ கோபக்காரர்கள் பக்கம் வருகிறேன்.

அவர்கள் சொல்வது: "அப்போ அதை டிக்கெட்டிலேயே சேர்த்துப் போட வேண்டியதுதானே?" நூற்றுக்கு நூறு சரி. போடாததற்குக் காரணம் விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரியணும் என்பதுதான். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது. கட்டாயக் கட்டணங்களை மறைத்து வைத்துவிட்டுக் குறைந்த விலையை விளம்பரம் செய்யக்கூடாது என்று. அதையொட்டிப் பெரிய க்ரூஸ் கம்பெனிகள் துறைமுகக் கட்டணம், வரி எல்லாவற்றையும் முதல் விலையிலேயே காட்ட ஆரம்பித்தார்கள். டிப்ஸை மட்டும் சேர்க்கவில்லை. அதைத்தான் பயணி எடுக்கச் சொல்லலாமே, அதனால் அது கட்டாயம் இல்லையே! எடுக்கலாம் என்கிற அந்த உரிமை நமக்காக வைத்த சலுகை மாதிரி தெரியும். விலைப்பட்டியலில் அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கவும் அது உதவுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். மலிவு சீசனில் 300 டாலருக்குக் கிடைக்கிற உள்ளறை டிக்கெட்டில், 126 டாலர் டிப்ஸ் ஏறும்போது அந்தப் பழமொழி ஞாபகம் வராமல் இருக்காது.

இன்னொரு கோபம்: "முன்னெல்லாம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அறையைச் சுத்தம் பண்ணுவாங்க. கோவிடுக்கு அப்புறம் பல கப்பல்ல ஒரு தடவைதான். சேவை பாதி ஆச்சு, டிப்ஸ் மட்டும் ஏறுது." இதுவும் உண்மை. ஆனால் அந்த முடிவை எடுத்தது அறைப் பணியாளர் இல்லை. ஒரு தடவை என்று ஆன பிறகு அவர் பொறுப்பில் இருக்கிற அறைகளின் எண்ணிக்கை கூடும், வேலை குறைந்துவிடாது. மயாமி அலுவலகத்து முடிவுக்கு அவருடைய பங்கில் கை வைப்பது எந்த விதத்தில் சரி?

அடுத்தது, வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிற வாதம். "உத்தரவாதத் தொகைன்னு நீங்களே சொல்றீங்க. நான் எடுத்தாலும் கம்பெனி போட்டு நிரப்பும். அப்போ நஷ்டம் கம்பெனிக்குத்தானே?" கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஆனால் அது பாதி உண்மை. மொத்தப் பங்கு அந்த உத்தரவாத அளவுக்குக் கீழே போனால்தான் கம்பெனி பையைத் திறக்கும். அதற்கு மேலே இருக்கிற வரைக்கும் குறைகிற ஒவ்வொரு டாலரும் பணியாளர் பங்கிலிருந்துதான் போகிறது. நீங்கள் எடுத்த 504 டாலர் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பது கவுண்டரில் நிற்கிற உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு குடும்பம் எடுத்ததால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை, அதை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. இரண்டாயிரம் பணியாளர்கள் இருக்கிற கப்பலில் அது சில்லறையாகத்தான் பிரியும். ஆனால் கம்பெனிக்குப் பாடம் புகட்டினோம் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குக் கொஞ்சம் யோசனை கொடுத்த வாதம் வேறு. "நான் டிப்ஸ் கொடுக்க மாட்டேன்னு சொல்லலை. கம்பெனி வழியா வேண்டாம். எனக்கு வேலை செஞ்சவர் கையில் நானே ரொக்கமாக் கொடுக்கிறேன்." இதில் மரியாதை இருக்கிறது. முகம் பார்த்துக் கொடுப்பது நம்ம பழக்கத்துக்கும் ஒத்துவருகிறது. ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, சில கம்பெனிகளில் பொதுத் தொகையை எடுத்துவிட்ட பயணி ரொக்கம் கொடுத்தால், அதைப் பணியாளர் பொதுப் பங்கில் ஒப்படைக்கணும் என்றே விதி இருக்கிறது. இரண்டு, முகம் தெரிகிறவருக்கு மட்டும்தானே கொடுப்பீங்க? அறைக்கு வருகிறவர், துண்டை யானை மாதிரி மடித்து வைத்து உங்கள் பிள்ளையைச் சிரிக்க வைத்தவர், அவருக்கு 60 டாலர். அந்தத் துண்டைக் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் துவைத்துக் காயவைத்தவருக்கு? ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளைகள் மிச்சம் வைத்த பீட்சாத் தட்டைக் கழுவியவருக்கு? அவர்கள் உங்களைப் பார்க்கப் போவதே இல்லை.

இந்த இடத்தில் சென்னையில் இருக்கிற நேயர்கள் என்னைப் பிடிப்பார்கள். "சார், ஊருக்கு வந்தா ஹோட்டல்ல சர்வீஸ் சார்ஜ் போட்டா எடுக்கச் சொல்லுன்னு நீங்களே சொல்வீங்களே?" ஆமா, சொல்வேன். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உணவகங்கள் தானாக சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக்கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொன்னது. விருப்பப்பட்டவர் டிப்ஸ் கொடுக்கலாம், பில்லில் கட்டாயமாக ஏற்றக்கூடாது. அங்கே நான் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், பரிமாறுகிறவரின் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் ஒன்று பொறுப்பாக நிற்கிறது. அது எவ்வளவு ஒழுங்காக அமலாகிறது என்பது தனிக் கதை. பில்லில் ஏறுகிற சர்வீஸ் சார்ஜ் அவருடைய கூலியோடு கட்டப்பட்டதும் இல்லை. கப்பலில் அது கூலியோடு கட்டப்பட்டிருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கிற சரக்கு வேறு. சிங்கப்பூர் நேயர்களுக்கு இது சுலபமாகப் புரியும், பத்து சதவீத சர்வீஸ் சார்ஜோடு வாழ்ந்து பழகினவர்கள் அவர்கள்.

அப்போ கோபத்தை எங்கே காட்டுவது? டிக்கெட் போடும்போது. டிப்ஸை விலைக்குள் சேர்க்க முடியாது என்று எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது, ஏனென்றால் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் பி அண்ட் ஓ க்ரூசஸ் 2019-ல் தினசரி டிப்ஸையே எடுத்துவிட்டது. விர்ஜின் வாயேஜஸில் முன்பு டிக்கெட்டுக்குள்ளேயே அடக்கமாக இருந்தது, ஆனால் அது பெரியவர்களுக்கு மட்டும், பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது. சில்வர்சீ, சீபோர்ன் மாதிரி விலை கூடிய கப்பல்களிலும் அடக்கம். நம்ம நேயர் குடும்பத்துக்குக் கால்வெஸ்டனில் இந்தத் தேர்வு கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன். அவர் செய்யக்கூடியது, விலையை ஒப்பிடும்போது டிப்ஸையும் சேர்த்து ஒப்பிடுவது. இரண்டு கம்பெனிக்கு நடுவில் தலைக்கு நாளுக்கு மூணு டாலர் வித்தியாசம் இருந்தால், நாலு பேருக்கு ஏழு நாளில் அது 84 டாலர். டிக்கெட் விலையில் 50 டாலர் குறைவு என்று குதித்து எடுத்த கப்பல், கடைசியில் விலை கூடுதலாக முடியும். பயணம் முடிந்ததும் வருகிற கருத்துக் கேட்புப் படிவத்தில், சேர்த்து விலை போடுங்க என்று எழுதுங்க. ஆயிரம் பேர் எழுதினால் யாராவது ஒருத்தர் படிப்பார்.

சில நடைமுறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுவதென்று முடிவு செய்தால் முன்கூட்டியே கட்டிவிடுங்க. பொதுவாக இடையில் கட்டணம் ஏறினாலும் முன்பே கட்டினவர்களுக்குப் பழைய கட்டணம்தான். நான் எப்போதும் அப்படித்தான். அந்த 504-ஐ டிக்கெட் விலையோடு சேர்த்தே பட்ஜெட் போட்டுவிடுவேன், கப்பலில் போய் அதைப் பற்றி நினைக்க மாட்டேன். குடிக்கிற பானங்கள், ஸ்பா இவற்றுக்குத் தனியாக 18 அல்லது 20 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதற்குக் கீழே "கூடுதல் டிப்ஸ்" என்று ஒரு வெற்றுக் கோடு இருக்கும். அதைக் காலியாக விடுங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம். துறைமுகத்தில் பெட்டி தூக்குகிறவர்கள் கப்பல் ஆட்கள் இல்லை, கரை ஆட்கள். அவர்களுக்கு இந்தப் பங்கு போகாது, பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர் கையில் கொடுங்க.

சேவை நிஜமாகவே மோசமாக இருந்தால்? அறையைச் சுத்தம் செய்யவில்லை, இரண்டு நாள் துண்டு மாற்றவில்லை என்றால் மூணாவது நாளே சொல்லுங்க. மேற்பார்வையாளர் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். சொல்லியும் சரியாகவில்லை என்றால் குறைக்கச் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது, அந்த உரிமை அதற்குத்தான். கடைசி ராத்திரி நீளமான வரிசையில் போய் நின்று, ஆறு நாள் சொல்லாத குறையைச் சொல்லி மொத்தத்தையும் எடுக்கச் சொல்வது வேறு விஷயம். அந்த வரிசையில் இருப்பவர்கள் என்ன கேட்க நிற்கிறார்கள் என்று கவுண்டரில் இருக்கிற பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். அவர் முகத்தில் எதுவும் காட்ட மாட்டார், அதுவும் அவர் வேலை.

யாராவது உங்களை நன்றாகக் கவனித்துக்கொண்டால், சட்டைப் பட்டையில் இருக்கிற பெயரைக் குறித்துக்கொண்டு கருத்துப் படிவத்தில் அந்தப் பெயரோடு எழுதுங்க. அடுத்த ஒப்பந்தம், பதவி உயர்வு இதற்கெல்லாம் அது கணக்கில் வரும். நேரமிருந்தால் பேச்சுக் கொடுங்க. எந்த ஊர், வீட்டில் யார் யார், எப்போ ஊருக்குப் போறீங்க என்று கேளுங்க. தமிழ் பேசுகிற பையன் கிடைத்தால் இரண்டாவது நாளிலிருந்து உங்கள் மேசைக்கு ஊறுகாய் தானாக வரும், கேட்காமலே.

பயணம் நல்லபடியா அமையட்டும், கடல் அமைதியா இருக்கட்டும். வாந்தி மாத்திரையை மறக்காம எடுத்து வைங்க, கப்பல் கடையில் விலை அதிகம். அடுத்த வாரம், கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும், பயணக் காப்பீடு எதற்கெல்லாம் பணம் கொடுக்கும் என்று பார்ப்போம். வணக்கம்.